உப்பு வண்டியின் மூச்சு

ஜூன் 3, செவ்வாய்

நஸ்ரின் மேடம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு டைரிப் பழக்கமெல்லாம் கிடையாது. அரிசி ஆலைக்காரர் எப்போதோ கொடுத்த டைரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. கிழமைகளை அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

மேடம் திருநெல்வேலியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். "பாப்பா என்ன சத்தம் போட்டா, எப்போ போட்டா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. இந்த மூணும் போதும். உங்க கவலையை எல்லாம் எழுத வேண்டாம்," என்றார். சின்ன வயசுதான். ஆனாலும் ஹெட்மாஸ்டர் தோரணை.

பிருந்தாவுக்கு இரண்டு வயது எட்டு மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. காதைச் சோதித்துவிட்டார்கள், பழுதில்லை. நாக்கிலும் குறையில்லை. மூன்று வயதுக்குள் தொடங்கிவிட்டால் நல்லது, தள்ளிப்போகப் போகக் கஷ்டம் என்று மேடம் சொல்கிறார். இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

இன்றைய சத்தம்: ஒன்றுமில்லை.

ஜூன் 4, புதன்

காலை எட்டு மணிக்கு உப்பு வண்டி வந்தது. பிருந்தா கையில் இருந்த இட்லியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஒலிபெருக்கி வழக்கம்போலப் பாடிக்கொண்டு வந்தது.

"கல்லுப்பு, தூளுப்பு, தூத்துக்குடி உப்பு. பாத்திரத்தை எடுத்துக்கிட்டு, ஹ், வாங்கம்மா வாங்க."

அந்த 'ஹ்' வருகிற இடத்தில் பிருந்தாவும் 'ஹ்' என்று மூச்சை உள்ளே இழுத்தாள். ஒரு இம்மி பிசகவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுத்தாள்.

இதைச் சத்தம் என்று எழுதலாமா? மேடத்திடம் கேட்க வேண்டும்.

அந்தக் குரல் அவளுடைய அப்பாவுடையது. அதையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் விளம்பரக் குரல் கொடுப்பவர். பழைய இரும்பு, மெத்தை, கோலப்பொடி, கடைத் திறப்பு, இரங்கல் அறிவிப்பு எல்லாம் பேசுவார். அவர் பேசுவார், நான் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடுகிற சுற்றாக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். முன்னறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியதுதான் எங்கள் ஸ்டுடியோ. போன வருஷம் பங்குனியில் மாரடைப்பில் இறந்துபோனார். காலையில் நன்றாகத்தான் இருந்தார்.

இப்போது நானே பேசி நானே வெட்டுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

உப்பு வண்டி வரவில்லை. சத்தமும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூங்கோதை மைனி வந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அப்பா செத்தபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். மைனி இல்லையென்றால் இந்த ஒரு வருஷத்தில் நானும் பிள்ளையும் என்ன ஆகியிருப்போம் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

வண்டி வந்ததும் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நடையில் நிற்பாள். இரண்டு படி உப்பும் வாங்குவாள். வீட்டில் ஏற்கெனவே மூன்று பானை நிறைய உப்பு. ஊறுகாய்க் கம்பெனி வைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாவாட்டிக்கொண்டே கேட்டாள், வாராவாரம் கேட்பதைத்தான்.

"அன்னைக்குக் காலையில எதுவும் சொன்னானா ஆவுடை?"

"இல்ல மைனி."

"எனக்குப் போன் போடணும்னு சொன்னானா? ஏதாச்சும்?"

"இல்ல மைனி. நல்லாத்தான் இருந்தாக."

கிரைண்டர் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. நல்லதாகப் போயிற்று.

பிருந்தா: 'ஹ்', ஒன்பது தடவை.

ஜூன் 10, செவ்வாய்

திருநெல்வேலி. பஸ்ஸில் போகும்போது நின்றுகொண்டே, வரும்போது உட்கார்ந்து.

'ஹ்' என்பதைச் சொன்னதும் மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம். "சரியான நேரத்துக்குச் சரியான இடத்துல சேர்ந்துக்கிறா. அதுதான் முதல் படி," என்றார். பிறகு வீட்டில் யார் யார் பேசுவீர்கள் என்று கேட்டார்.

"நானும் பிள்ளையும்தான் மேடம். ஞாயித்துக்கிழமை எங்க மைனி வருவாக."

"மத்த நேரம் அவ காதுல என்ன விழும்?"

என் தொழிலைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பழைய இரும்பு ஓடும், மறுநாள் மெத்தை ஓடும். சுற்று எங்கேயாவது இடறுகிறதா என்று பார்க்க ஓடவிட்டுக்கொண்டே சமைப்பேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரே வரியை எத்தனை தடவை கேப்பா?"

"இருநூறு. முந்நூறும் இருக்கும்."

"ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டா, காது அதைப் பேச்சா எடுத்துக்கிறதை விட்டுடும். ராகமாக் கேக்க ஆரம்பிச்சுடும். பெரியவங்களுக்கே அப்படித்தான். இவளுக்கு மனுஷக் குரல்னாலே பாட்டுன்னு ஆயிடுச்சோன்னு எனக்குத் தோணுது. பாட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க இல்லையா?"

 சோறு போடுகிற தொழிலைக் குற்றம் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? பாதி வழிவரைக்கும் அந்தப் பெண்மீது கோபமாகவே வந்தேன். சங்கரன்கோவில் வருவதற்குள் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது.

மேடம் கொடுத்த வேலை: விளம்பரச் சுற்றுகளைப் பிள்ளை காதில் விழாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும். உப்பு வரியை மட்டும் வீட்டில் காலையிலும் மாலையிலும் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். பிறகு கடைசிச் சொல் வருவதற்குமுன் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளாக நிரப்புவாள்.

ஜூன் 11, புதன்

கம்ப்யூட்டரில் உப்பு வரியின் கோப்பைத் திறந்தேன். அவர் போனபிறகு இன்றைக்குத்தான் திறக்கிறேன்.

மேடம் படித்துச் சொன்னதை அவர் படிக்காமலே சொல்லுவார். "வண்டி மூணு தெரு தாண்டுறதுக்குள்ள கேக்குறவன் காதுல வார்த்தை போயிறணும் ஆவுடை. மெட்டு மட்டும் நிக்கணும். அப்பதான் அவன் குளிக்கும்போதும் முனங்குவான்." ஒரு வரியைப் பேசி முடித்ததும் பத்துத் தடவை சுற்றவிடுவோம். நாலாவது ஐந்தாவது சுற்றில் பேச்சு தானாகப் பாட்டாகிவிடும். 'கல்லுப்பு'வில் குரல் ஏறுவதும் 'தூளுப்பு'வில் இறங்குவதும் யாரோ உட்கார்ந்து மெட்டமைத்த மாதிரி இருக்கும். அவர் வெறுமனே பேசியதுதான். அப்படி ஆகாத வரியை வெட்டிப் போட்டுவிட்டு வேறு மாதிரி பேசுவார்.

இன்று ஹெட்போனில் கேட்டேன். பாட்டுத்தான் கேட்கிறது. அவர் பேசுவது கேட்கவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதும் பாட்டுத்தான். ஒரு வருஷமாகத் தெருவில் தினமும் கேட்டுக் கேட்டு அவர் பேச்சைத் தின்று முடித்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னோடு எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதுவும் உப்பு மெட்டில்தான் வருகிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12, வியாழன்

பயிற்சிக்கான வரியைத் தயார் செய்துவிட்டேன். நடுவில் வருகிற மூச்சை எடுத்துவிட்டேன். சுத்தமான ஒலியாக இருந்தால் பிள்ளைக்கு வார்த்தை தெளிவாக விழும். தொண்டை கனைப்பு, மூச்சு, இருமல் எல்லாவற்றையும் வெட்டுவது தொழிலில் வழக்கம்தான்.

ஜூன் 13, வெள்ளி

காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம். சத்தம் இல்லை. புதுசு என்பதால் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

சத்தம் இல்லை. மைனிக்குக் காய்ச்சல், வரவில்லை. போனில் பேசினாள். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மேடம் லீவு. வீட்டிலேயே செய்தோம்.

வரி ஓடும்போது ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். 'எடுத்துக்கிட்டு' வந்ததும் முகத்தை நிமிர்த்தி வாயைத் திறக்கிறாள். அங்கே மூச்சு இல்லை. 'வாங்கம்மா' உடனே வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்க்கிறாள். இன்று பெட்டியை இரண்டு தடவை அடித்தாள்.

ஜூன் 19, வியாழன்

உப்பு வண்டிச் சேர்மக்கனியை நிறுத்தினேன். வேறு வரி பேசித் தருகிறேன், பழையதை எடுத்துவிடு என்றேன்.

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு."

"தேய்ஞ்சுபோச்சு. கரகரன்னு கேக்கு."

"பென்டிரைவு எங்கக்கா தேயும்?" சிரித்தான். "அண்ணன் அந்த மூச்சை இழுக்காக பாருங்க, அந்த இடத்துலதான்க்கா பொம்பளையாளு கதவைத் திறக்காக. புளியங்குடி வரைக்கும் பிள்ளைக இதைத்தான் பாடுது. என்னையே உப்பு மூச்சுன்னுதான் கூப்பிடுது. இதை எடுத்துட்டா நான் எந்த வண்டியோ ஆயிருவேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் வண்டியைச் சுற்றிக்கொண்டு பாடினார்கள். மூச்சு வருகிற இடத்தில் நாலு பேரும் ஒன்றாக நெஞ்சைத் தூக்கி 'ஹ்' என்று இழுத்துவிட்டுக் கைதட்டினார்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

மேடம் டைரியைப் பார்த்தார். நல்லவேளை, என் கையெழுத்து அவருக்குப் புரியவில்லை. நானே வாசித்துக் காட்டினேன். சத்தங்களை மட்டும் வாசித்தேன்.

"போன தடவை அவ்வளவு நல்லா இருந்தாளே. நீங்க அந்த வரியில ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்ல மேடம்."

பிருந்தாவின் கன்னத்தைத் தட்டி, "என்ன தங்கம், கோபமா?" என்று கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வண்டி வந்தால்கூட வாசலுக்கு மெதுவாகத்தான் போகிறாள். நாலு மாதத்தில் மூன்று வாரம் போய்விட்டது.

ஜூன் 25, புதன்

மேடத்திடம் பொய் சொன்னேன். இந்தப் பக்கத்தையும் ஜூன் 12ஆம் தேதிப் பக்கத்தையும் வாசிக்கக் கூடாது.

ஜூன் 28, சனி

மூச்சைத் திரும்ப வைத்துவிட்டேன்.

எழுதுவதற்கு ஒரு வரிதான். செய்வதற்குக் காலை பத்து மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கிய பாத்திரத்தையே.

மாலை ஓடவிட்டேன். பிருந்தா வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது. அப்படியே சிலையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த சுற்றில் 'ஹ்' என்று இழுத்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். பதினேழு தடவை. பிள்ளையைப் பட்டினி போட்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 1, செவ்வாய்

மேடத்துக்குச் சந்தோஷம். கடைசிச் சொல்லுக்குமுன் நிறுத்தியபோது பிருந்தா 'வா' என்பதுபோல உதட்டைக் குவித்தாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும். "வந்துடும், விடாதீங்க," என்றார்.

ஜூலை 3, வியாழன்

நாள் முழுக்க இழுக்கிறாள். சாப்பிடும்போது 'ஹ்'. செருப்பு போடும்போது 'ஹ்'. மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தபோது முன்னறையில் அந்த மூச்சு கேட்டது. அவர் உட்காருகிற நாற்காலிப் பக்கத்திலிருந்து, அவர் இழுக்கிற அதே நீளத்தில். கையிலிருந்த ரசச் சட்டி நழுவிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இவள் நாற்காலிக்கடியில் உட்கார்ந்து பொம்மைக்குப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

காலில் கொஞ்சம் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன்.

பெற்ற பிள்ளை வாயைத் திறக்க வேண்டும் என்று எத்தனை கோயிலுக்கு நேர்ந்திருப்பேன்! திறந்த வாயிலிருந்து இதுதான் வர வேண்டுமா?

ஜூலை 6, ஞாயிறு

மைனி வந்தாள். காய்ச்சலில் மெலிந்திருக்கிறாள். பிள்ளைக்கு முறுக்கு கொண்டுவந்தாள்.

மாலைப் பயிற்சியை மைனி பார்த்ததில்லை. கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். தெருவில் ஹாரன் ஒலிபெருக்கியில் கேட்பது வேறு, வீட்டுக்குள் நல்ல ஸ்பீக்கரில் கேட்பது வேறு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடவிட்டேனா, மறந்துபோய் ஓடவிட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஆறேழு சுற்று ஓடியிருக்கும். மைனி கீரையைக் கீழே வைத்தாள்.

"ஆவுடை, அதை நிறுத்து."

நிறுத்தினேன்.

"அந்த எடத்தை மட்டும் போடு. பாட்டு வேண்டாம். அந்த மூச்சை மட்டும் போடு."

போட்டேன். ஒரு தடவைதான். மைனி எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் வந்தாள்.

"எங்க அய்யா சாகுறதுக்கு முந்தி இப்படித்தான் இழுத்தாக. எனக்குப் பதினாலு வயசு. பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டிருந்தேன். இந்த மூச்சு எனக்குத் தெரியும்." ஸ்பீக்கரைத் தொட்டாள். "இது எப்ப எடுத்தது?"

"அன்னைக்குத்தான் மைனி."

"அன்னைக்கு எப்ப?"

"காலையில."

"காலையில நல்லாத்தான் இருந்தான்னு சொன்னியே."

 பிருந்தா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, பாட்டு ஏன் நின்றது என்று பெட்டியைத் தட்டினாள். மைனி அவளைத் தூக்கி முத்தம் கொடுத்துக் கீழே விட்டாள். காப்பி குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 7, திங்கள்

யாரிடமும் வாசித்துக் காட்டப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலை ஆறு தடவை பேசினார். ஆறும் சரியாக வரவில்லை. 'எடுத்துக்கிட்டு'க்கும் 'வாங்கம்மா'வுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. சுற்றவிட்டால் அந்த இடத்தில் நொண்டியது. தோள்பட்டை வலிக்கிறது, வாயுவாக இருக்கும் என்று விடியும்போதே சொல்லியிருந்தார். வியர்த்துக்கொண்டிருந்தது. ரெக்கார்டிங் அறையில் ஃபேன் போட முடியாது, எப்போதும் வியர்க்கும். சேர்மக்கனி பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

ஏழாவது தடவை பேசும்போது அந்தப் பள்ளத்தில் மூச்சு விழுந்தது. நான் ஹெட்போனில் கேட்டேன். எனக்கு ரோமம் சிலிர்த்தது. அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. தாளக்காரன் அடித்த மாதிரி. சுற்றவிட்டுப் பார்த்தேன். பத்து, இருபது, முப்பது சுற்று. தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன். முப்பது தடவை என் புருஷன் மூச்சுக்குத் திணறியதைத் தாளம் போட்டுக் கேட்டேன். ஒரு தடவைகூட அது ஒரு மனுஷன் மூச்சு என்று என் காதுக்குத் தெரியவில்லை.

"இதான்! இதான் வேணும்!" என்று கத்தினேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. படுக்கிறேன் என்று உள்ளே போனார். நான் வெட்டி ஒட்டிப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பிவிட்டு, நாலு மணிக்கு டீயோடு போய் எழுப்பினேன்.

மைனி வாராவாரம் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் ஏதோ சொன்னார். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் பேசினார். நான் முந்தின சுற்றை ஹெட்போனில் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். திரையில் அவர் பேச்சு அலையாக எழும்பியது தெரிந்தது. வெட்ட வேண்டிய துண்டு என்று சிவப்புக் குறி போட்டேன். ஏதோ பதிலும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. முழுப் பதிவும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இருபத்து மூன்று நிமிஷம். ஒரு வருஷமாக அந்தக் கோப்பைத் தாண்டித் தாண்டித்தான் வேலை பார்க்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

திருநெல்வேலி போகவில்லை. கால் புண் என்று மேடத்துக்குப் போனில் சொன்னேன். பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஜூலை 9, புதன்

மைனிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எடுக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவின் அன்னதான அறிவிப்புக்கு ஆட்கள் வந்தார்கள். தொண்டை சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். வீடு அமைதியாக இருக்கிறது. பிருந்தா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து 'ஹ்' என்கிறாள். நான் என்ன சொல்வது?

ஜூலை 13, ஞாயிறு

மைனி வருவாள் என்று நினைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்தாள். முறுக்கு இல்லை, பை இல்லை. வெறுங்கையோடு முன்னறையில் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டிப் போட்டதை வச்சிருக்கியா, அழிச்சுட்டியா?"

"இருக்கு மைனி. முழுசும் இருக்கு."

"போடு."

"மைனி, நான் இதுவரைக்கும்..."

"நீ கேட்டியா கேக்கலியாங்கிறது எனக்கு வேண்டாம். என் தம்பி பேசுனதை நான் கேக்கணும். போடு."

போட்டேன். ஹெட்போனில் இல்லை, ஸ்பீக்கரில்.

முதலில் நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு," என்றார். உப்பு வரியைப் பேசினார். எனக்கு அது பாட்டாகத்தான் கேட்டது. "ரெண்டு." மறுபடியும் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் முனகுவதும் தாள் புரளுவதும் இருந்தது. நாலாவதை முடித்துவிட்டு, "வாயு புடிச்சு இழுக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிருந்தா அறைவாசலில் வந்து நின்றாள். 'ஹ்' வர வேண்டிய இடங்களில் வாயைத் திறந்தாள். மூச்சு இல்லாததால் மூடிக்கொண்டாள். ஐந்து. ஆறு.

ஆறு முடிந்ததும் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு பேசினார். ஒலிபெருக்கிக்குப் பேசுகிற குரல் இல்லை. மெட்டும் இல்லை. எனக்கு அது பேச்சாகக் கேட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏ ஆவுடை. கொஞ்சம் தண்ணி தாயேன்."

உடனே என் குரல். எங்கோ பார்த்துக்கொண்டு சொல்கிற குரல்.

"இந்த ஒண்ணை முடிச்சிருங்க."

அவர் இன்னொரு தடவை கேட்டார். "தண்ணி தாம்மா."

அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. மவுஸ் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

மைனி கண்ணை மூடிக்கொண்டாள். நான் நிறுத்தப் போனேன். "தொடாத," என்றாள் கண்ணைத் திறக்காமல். நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எதையோ பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவது தெரிந்தது. "ஏழு," என்றார்.

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. பிள்ளை வாசலில் இல்லை. நான் எழுந்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கவுன் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்று டம்ளரை நீட்டினாள்.

"இந்தா," என்றாள்.

ஸ்பீக்கரில் அவர் கல்லுப்பு, தூளுப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வந்தது. பிருந்தா கூடச் சேர்ந்து இழுக்கவில்லை. அவர் வாங்கிக்கொள்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா," என்றாள் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

பதிவில் நான் தொடையில் தட்டுவது மட்டும் நெடுநேரம் கேட்டது. பிறகு நான் "இதான்! இதான் வேணும்!" என்று கத்தினேன். மைனி எழுந்து வந்து தானே நிறுத்தினாள்.  பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், மைனியைப் பார்த்தாள். பிறகு அப்படியே திரும்பி டம்ளரை என்னிடம் நீட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

"பிள்ளை எவ்வளவு நேரமா நீட்டிக்கிட்டு நிக்கா," என்றாள் மைனி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "வாங்கு ஆவுடை."

வாங்கிக்கொண்டேன்.